மரமும் கையும் – 14: காடி எடுக்கும்போது கட்டைவிரல் எங்கே?

போன வாரம் புத்தக அலமாரியின் பக்கப் பலகைகளை அளவுக்கு அறுத்து வைத்தோம். இந்த வாரம் தட்டுகள் உட்காரக் காடி எடுக்க வேண்டும். ஆணியில் தொங்கும் தட்டு நாலு அகராதி ஏறினால் முனகும். காடியில் உட்கார்ந்த தட்டின் பாரத்தைப் பக்கப் பலகையே வாங்கிக்கொள்ளும்.

18 மி.மீ. பலகைக்கு 6 மி.மீ. ஆழம் போதும். அகலத்துக்கு டேப்பை நம்பாதீர்கள். 18 என்று சொல்லி விற்கும் பிளைவுட் பெரும்பாலும் அதற்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். தட்டாகப் போகும் பலகையிலிருந்தே ஒரு துண்டை எடுத்து அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இதற்கென்றே டேடோ பிளேடு உண்டு. இரண்டு பிளேடுகளுக்கு நடுவில் சிப்பர்களை அடுக்கி, ஒரே ஓட்டத்தில் முழு அகலத்தையும் எடுத்துவிடுவார்கள். அத்தனையும் ஏறுகிற நீளம் நம் டேபிள் சா மெஷின்கள் பலவற்றின் தண்டுக்குக் கிடையாது. நட்டு பாதி மரை பிடித்தால் போதும் என்று மாட்டிய ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டறைப் பக்கம் அப்புறம் நான் போகவில்லை. நாம் சாதா பிளேடிலேயே பலகையை நகர்த்தி நகர்த்தி ஆறேழு முறை ஓட்டுவோம். ஓர் ஓட்டத்துக்கு 3 மி.மீ. போகும். இடையில் நிற்கும் மெல்லிய வரப்புகளை உளி பார்த்துக்கொள்ளும்.

பலகையை இரண்டாக அறுக்கும்போது பிளேடு கண்ணில் படும், கை தானாக ஒதுங்கும். காடியில் அது பலகைக்கு அடியிலேயே ஓடுகிறது. பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகட்டோடு சேர்ந்த மூடியையும் கழற்றியாயிற்று. 6 மி.மீ. தானே என்று தோன்றும். 10 அங்குல பிளேடை அவ்வளவு உயர்த்தினாலே மேசைக்கு மேல் சுமார் 3 அங்குல நீளத்துக்குப் பல் நிற்கும். பலகை லேசாக வளைந்திருந்தால் அமுக்கத் தோன்றும். உள்ளங்கை சரியாகப் பிளேடின் தலைக்கு மேலேயே போய் உட்காரும்.

அதைவிட மோசம் கட்டைவிரல். மைட்டர் கேஜில் திருகிய தாங்குபலகையைப் பிடித்துத் தள்ளும்போது கட்டைவிரல் அதன் முதுகில் கொக்கி போட்டிருக்கும். பலகையைத் தின்று முடித்த பிளேடு வெளியே வருவதும் அந்த முதுகில்தான். என் வலது கட்டைவிரல் நகத்தில் இன்னும் ஒரு பள்ளம் இருக்கிறது.

"பார்த்துத்தானே தள்ளினேன்" என்றேன்.

"பலகையைப் பார்த்தீங்க தம்பி, பிளேடை எங்க பார்த்தீங்க?" என்றார் தொழில் சொல்லித்தந்த ஆசாரி.

மறுநாள் தாங்குபலகையின் முதுகில், பிளேடு வெளிவரும் இடத்தில், 4 அங்குலக் கனத்துக்கு ஒரு கட்டையை ஒட்டிச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டார். பல் வந்தாலும் கட்டைக்குள்ளேயே நிற்கும். சிவப்பில் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

ஒன்பதாம் வாரத்தில் ஃபென்ஸையும் மைட்டர் கேஜையும் சேர்த்துப் பிடிக்காதீர்கள் என்று எழுதியிருந்தேன். அறுந்த துண்டு நடுவில் மாட்டிக்கொண்டு எகிறி அடிக்கும் என்பதற்காகச் சொன்னது அது. காடியில் துண்டே விழாது. அதனால் இங்கே மட்டும் சேர்த்துப் பிடிக்கலாம். ஃபென்ஸை மட்டும் நம்பி நீளப் பலகையைக் குறுக்கே ஓட்டாதீர்கள், திருகிக்கொள்ளும். கையுறையும் வேண்டாம், பல் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

எல்லா ஓட்டமும் முடிந்து பிளேடு நின்றதும் அளவுக்கு எடுத்து வைத்த துண்டைக் காடியில் இறக்கிப் பாருங்கள். கை அழுத்தத்துக்கே இறங்க வேண்டும். சுத்தியல் கேட்டால் இன்னும் ஒரு நூலிழை எடுங்கள், பசைக்கு இடம் வேண்டுமே. எந்தப் பசை என்பது அடுத்த வாரம்.