நால்வகைத் தரையும் ஓரணியும்

துவிச்சக்கர வண்டிப் பந்தயம் என்றவுடன், தார் வீதியிலே முதுகு குனிந்து விரையும் ஒரு கூட்டமே நம் மனக்கண்ணில் தோன்றும். உண்மையில் அவ்விளையாட்டு ஒன்றன்று, பலவாகும். சரிவாகச் சமைத்த வட்டப் பாதையில் ஓடுவது ஒருவகை. மாரிகாலச் சேற்றிலே, மிதிக்க இயலாத இடத்தில் வண்டியைத் தோளிற் சுமந்து ஓடி, மீண்டும் தாவி ஏறிச் செல்வது இன்னொரு வகை; ஐரோப்பியர் இதனைச் சைக்கிளோகுறொஸ் என்பர். மலைச்சரிவிற் கல்லும் வேரும் கடந்து பாய்வது பிறிதொன்று. சரளைக்கல் வீதிப் பந்தயமோ நேற்றுப் பிறந்த குழந்தை. அதன் முதல் உலகப் போட்டி 2022 இலேதான் நடைபெற்றது. ஒவ்வொன்றுக்கும் வண்டி வேறு, ரயர் வேறு, உடலைப் பழக்கும் முறையும் வேறு.

ஒல்லாந்து தேசத்து விஸ்மா அணி தன் பெண்கள் பிரிவை 2021 இல் அமைத்தது. இத்தரைகள் அனைத்திலும் வென்ற பெண்களை ஒரே கொடியின் கீழ் அது சேர்த்தது எனலாம். சேற்றுப் பந்தயத்தில் 2023 முதல் மூன்று ஆண்டு தொடர்ந்து உலக வீராங்கனையான பெம் வான் எம்பெல் அவ்வணியின் சட்டையை அணிந்தவரே. ஆயினும் அதன் பெரும் புகழ் இருவரைச் சார்ந்தது.

முதலாமவர் 1987 இற் பிறந்த மரியான் வோஸ். சேற்றில் எட்டு முறை உலகப் பட்டம். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட்டப் பாதையிற் பொற்பதக்கம். 2024 இற் சரளை வீதியிலும் உலகப் பட்டம். இப்பட்டியலினும் என்னைக் கவர்ந்தது அவர் தோற்ற கதையே. 2006 இல் வீதிப் போட்டியில் உலகப் பட்டம் வென்றவர், 2007 முதல் 2011 வரை ஐந்து ஆண்டு இடைவிடாது அப்போட்டியில் இரண்டாமிடமே பெற்றார். ஆறாவது ஆண்டு, 2012 இல், லண்டன் மழையில் ஒலிம்பிக் வீதிப் பந்தயத்தை வென்று, சில வாரங்களிற் சொந்த நாட்டின் வல்கன்பேர்க்கில் உலகப் பட்டத்தையும் மீட்டார்.

பெண்களுக்கு இக்களம் எளிதிற் கிடைத்ததன்று. உலக வீதிப் பந்தயம் அவர்களுக்குத் திறக்கப்பட்டது 1958 இல், பிரான்சின் றீம்ஸ் நகரில். ஒலிம்பிக் வீதிப் பந்தயமோ 1984 இலேதான். ஆண்களுக்கு 1896 இல் தொடங்கிய பாரிஸ்–றூபே பந்தயத்திற் பெண்கள் முதன்முறை ஓடியது 2021 இல். அவ்வாண்டு வென்ற ஆணுக்கு 30,000 யூரோ. வென்ற பெண்ணுக்கு 1,535 யூரோ! இரண்டாவதாக வந்தவர் வோஸ். அவருக்குக் கிடைத்ததை வாசகரே ஊகிக்கலாம். முதற்தரப் பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியம் விதிக்கப்பட்டதுகூட 2020 இலேதான்: ஆண்டுக்கு 15,000 யூரோ.

அந்த றீம்ஸ் நகரிலேயே 1992 இற் பிறந்தவர் மற்றவரான போலின் பெரான்-பிரெவோ. 2014 இல் வீதி, 2015 தையிற் சேறு, அதே ஆண்டு புரட்டாதியில் மலை என மூன்று உலகப் பட்டங்களையும் ஒருசேரத் தாங்கினார். ஆணோ பெண்ணோ அதற்குமுன் எவரும் அது செய்ததில்லை. அப்போதும் வோசும் அவரும் ஓரணியினரே. அதன்பின் இறக்கம் வந்தது. 2016 இல் றியோ ஒலிம்பிக்கிற் பந்தயத்தை முடிக்காமலே விலகினார். காலுக்குக் குருதி செலுத்தும் நாடி பழுதுற்று, 2019 இற் சத்திர சிகிச்சைக்கு உள்ளானார். அவ்வாண்டே மலைப் பட்டத்தை மீண்டும் வென்றார் என்றால் நம்புவது கடினம், ஆயினும் உண்மை. 2024 இற் பாரிஸ் ஒலிம்பிக்கில் மலைப் பந்தயப் பொற்பதக்கம் பெற்றதும் வீதிக்குத் திரும்பி, மூன்று ஆண்டுக்குள் பெண்களின் பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தை வெல்வேன் என்றார்.

முதலாண்டே வென்றார். 2025 ஆடியில் முதல் நாள் ஏற்றத்தில் அவரே முன்னே பாய்ந்தார். மொரிசியசு நாட்டுக் கிம் லெ கூர் துரத்திவர, இறுதிக் கணத்தில் அனைவரையும் கடந்து வென்றவர் அவருடைய தோழி வோஸ். இதனைத் தன்னலம் என்பாரும் உளர். வெற்றி அணியை விட்டுப் போகாது காத்தார் என்பதே என் எண்ணம். (நம் சமுத்திரத்துத் தீவினரான லெ கூர் மறுநாள் அப்பெண்கள் பந்தயத்தில் மஞ்சட் சட்டை அணிந்த முதல் ஆபிரிக்கரானார்.) எட்டாம் நாள், நமது நுவரெலியாவினும் உயர்ந்த மடலேன் கணவாயில், பெரான்-பிரெவோ தனித்து ஏறி வென்றார். ஒன்பதாம் நாளும் அவருடையதே.

மகிழ்ச்சிக்கிடையே ஒரு சர்ச்சையும் எழுந்தது. மலையேறுவதற்காக அவர் தம் எடையைக் கணிசமாகக் குறைத்திருந்தார். அது முற்றும் ஆரோக்கியமான நிலையன்று, ஆண்டு முழுவதும் அவ்வாறிருக்க இயலாது என அவரே ஒப்பினார். இரண்டாவதாக வந்த டெமி வொலறிங் அவ்வழியிற் செல்லத் தாம் விரும்பவில்லை என்றார். இளம் பெண்கள் எதைக் கற்றுக்கொள்வர் என்ற அச்சம் நியாயமானதே. ஆயின் மறைக்காமற் சொன்னவரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. அவ்வாண்டு சித்திரையில் அவர் பாரிஸ்–றூபே பந்தயத்தையும் வென்றிருந்தார். கல் பாவிய அந்த வீதியிலே, குலுக்கலைத் தாங்க எடையும் வலுவும் வேண்டும். நான்கு மாதத்துக்குள் அதே உடலை மலைக்கேற்ப மாற்றியிருக்கிறார்.