சீசாவுக்குள் ஒரு வாழைத் தோப்பு!

பழனிக்குப் போனவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. பையில் ஒரு டப்பா பஞ்சாமிர்தமாவது இருக்கும். அதற்காகக் குழந்தைகள் வாசலிலேயே காத்து நிற்கும்.

வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பசு நெய், தேன், ஏலக்காய் ஆகிய ஐந்தும் சேர்ந்ததுதான் பஞ்சாமிர்தம். பேரீச்சம்பழமும் கற்கண்டும் கூடவே சேரும். ஆனால், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடுவதில்லை!

இதற்கு மலை வாழைப்பழம்தான் ஏற்றது. 'விருப்பாச்சி', 'சிறுமலை' என்று அதில் இரண்டு ரகங்கள் உண்டு. இந்தப் பழத்தில் நீர் குறைவு. ஆகவே பஞ்சாமிர்தம் கெட்டியாக இருக்கிறது. பல நாள் கெடாமலும் இருக்கிறது.

இந்த மலை வாழைக்கு ஒரு காலத்தில் பேராபத்து வந்தது. அதை மீட்கக் கைகொடுத்தது எது தெரியுமா? ஒரு சிறிய கண்ணாடிச் சீசா!

மலையைக் காலி செய்த நோய்

கீழ்ப் பழனி மலையில் காப்பிச் செடிகளுக்கு நடுவே வாழையையும் வளர்ப்பார்கள். வாழை, காப்பிக்கு நிழல் தரும். வீட்டுக்குப் பணமும் தரும். 1970-ம் ஆண்டுகளில் அங்கே சுமார் 18 ஆயிரம் ஹெக்டேரில் மலை வாழை இருந்தது. பிறகு அது சுமார் 2 ஆயிரம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது.

முக்கிய காரணம், 'முடிக்கொத்து நோய்'.

இந்த நோய் கண்ட வாழையில் புது இலைகள் குட்டையாகவும் குறுகலாகவும் வரும். எல்லாம் உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். கன்றிலேயே நோய் கண்டால் அது குலை தள்ளாது.

1889-ல் பிஜித் தீவில் தெரியவந்த நோய் இது. பிறகு இலங்கைக்கு வந்தது. 1940-ல் கேரளத்தில் காணப்பட்டது. அங்கிருந்து மற்ற இடங்களுக்கும் பரவியது.

இதற்குக் காரணம் 'வைரஸ்' என்னும் நுண்கிருமி. அதைச் சுமந்து செல்வது அசுவினிப் பூச்சி. பூச்சியை மருந்தடித்துக் கொல்லலாம். ஆனால், மரத்துக்குள் புகுந்துவிட்ட வைரசுக்கு மருந்து கிடையாது. மரத்தையே தோண்டி அழிக்க வேண்டியதுதான்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நாம் சாப்பிடும் வாழைப்பழத்தில் முளைக்கக்கூடிய விதை இல்லை. பக்கக் கன்றைப் பெயர்த்து நட்டுத்தான் வாழையை வளர்க்கிறோம். 'வாழையடி வாழை' என்று வாழ்த்துவதும் இதனால்தான். ஆனால், தாய்க்கு நோய் இருந்தால் கன்றுக்கும் நோய் வரும். வாழையடி வாழையாக நோயும் வளரும்!

விஞ்ஞானிகள் கண்ட வழி

அப்படியானால் நோயில்லாத கன்றை ஆயிரக்கணக்கில் உண்டாக்குவது எப்படி?

1902-ல் ஆஸ்திரியா நாட்டு விஞ்ஞானி ஹேபர்லாண்ட் ஒரு கருத்தைச் சொன்னார். "செடியின் ஒரே ஒரு உயிரணுவிலிருந்து முழுச் செடியையும் வளர்க்க முடியும்" என்பது அந்தக் கருத்து. அவரே முயன்றும் பார்த்தார். உயிரணுக்கள் சில நாள் உயிரோடு இருந்தன. ஆனால் பெருகவில்லை.

1958-ல் அமெரிக்காவில் ஸ்டீவர்ட் என்பவர் அதைச் செய்து காட்டினார். கேரட்டின் உயிரணுக்களிலிருந்து புதுச் செடிகளை வளர்த்தார். 1962-ல் முராஷிகி, ஸ்கூக் என்ற இருவர், செடிக்கு வேண்டிய உப்புக்களை அளவோடு கலந்து ஓர் 'உணவு' தயாரித்தார்கள். இன்றைக்கும் பல ஆராய்ச்சிசாலைகளில் அந்த உணவுதான் பயன்படுகிறது.

இந்த முறைக்குத் 'திசு வளர்ப்பு' என்று பெயர்.

சீசாவில் நடப்பது என்ன?

நல்ல வாழையிலிருந்து ஒரு கன்றை எடுக்கிறார்கள். வெங்காயத்தை உரிப்பதுபோல அதன் மட்டைகளை ஒவ்வொன்றாக உரிக்கிறார்கள். கடைசியில் நடுவே சிறிய குருத்து மிஞ்சும். கிருமிகள் சாக அதை மருந்து நீரில் கழுவுகிறார்கள்.

பிறகு அதைச் சீசாவில் வைக்கிறார்கள். சீசாவில் மண் இருக்காது. கடல்பாசியால் உறைய வைத்த கூழ் இருக்கும். அதில் உப்புக்கள், வைட்டமின்கள், ஒரு லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, குருத்தைக் கிளைக்கச் செய்யும் மருந்து ஆகியவை கலந்திருக்கும்.

சில வாரங்களில் ஒரு குருத்தைச் சுற்றிப் பல குருத்துக்கள் கிளம்பும். அவற்றைப் பிரித்து வேறு சீசாக்களில் வைப்பார்கள். அவையும் கிளைக்கும். இப்படியே ஒன்று பலவாகி நூற்றுக்கணக்கில் பெருகிவிடும்!

ஆனால், ஆசைப்பட்டுப் பிரித்துக்கொண்டே போகக் கூடாது. அளவு மீறினால் குணம் மாறிய கன்றுகள் தோன்றும். ஆகவே ஏழெட்டுத் தடவையோடு நிறுத்திவிடுவார்கள். கடைசியாக, வேர் விடும் மருந்து கலந்த சீசாவுக்கு மாற்றுவார்கள்.

சீசாவில் வளர்ந்த கன்று வெயிலும் காற்றும் அறியாதது. திடீரென்று வெளியே வைத்தால் வாடிவிடும். அதனால் முதலில் ஈரம் மிகுந்த கூடாரத்தில் தென்னை நார்க் கழிவில் நடுவார்கள். பிறகு நிழலில் பைகளில் வளர்ப்பார்கள். அதன் பிறகுதான் தோட்டம்.

வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். பல நாடுகளில் செடிப் பிரியர்கள் சமையலறையிலேயே இதைச் செய்கிறார்கள்.

வீட்டில் இருக்கும் பிரஷர் குக்கரே சீசாவையும் கூழையும் கிருமி நீக்கப் போதும். ஆராய்ச்சிசாலைக் கருவியில் உள்ள சுமார் 121 டிகிரி வெப்பம் அதிலும் கிடைக்கும். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டியில் கை நுழைய இரண்டு துளைகள் போட்டு, காற்று அசையாமல் அதற்குள் வேலை செய்வார்கள். சாமந்தி போன்ற செடிகளில் முதலில் பழகுவது நல்லது.

பொறுமை வேண்டும். செடிக்கு வைத்த சர்க்கரையைப் பூஞ்சணமும் விரும்பும். ஒரு தூசி விழுந்தாலும் மூன்றாம் நாள் சீசா முழுவதும் வெள்ளையாகப் பூத்துவிடும். முதலில் பல சீசாக்கள் வீணாகும். மருந்துகளைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பதும் அவசியம்.

தாயைப் போலப் பிள்ளை

"சீசாவில் வளர்ந்த கன்று என்றாலே நோயில்லாதது" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

பூஞ்சணத்தையும் புழுவையும் கழுவிவிடலாம். ஆனால் வைரஸ் குருத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். நோயுள்ள தாயின் குருத்தைச் சீசாவில் வைத்தால், நோயுள்ள கன்றுகள்தான் ஆயிரக்கணக்கில் வரும். தோட்டத்தில் பத்து மரத்துக்கு வரும் நோய், சீசா வழியாகப் பத்துக் கிராமத்துக்குப் போய்விடும்!

ஆகவே முதல் வேலை, தாய் மரத்தைச் சோதிப்பது. கண்ணால் பார்த்தால் போதாது. திசுவை எடுத்து ஆராய்ச்சிசாலையில் வைரஸ் சோதனை செய்ய வேண்டும். திசு வளர்ப்புக் கன்றுகளைச் சோதித்துச் சான்று தருவதற்காக 2006-ல் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கன்று வாங்குகிறவர்கள், "சான்று இருக்கிறதா?" என்று கேட்பது அவசியம்.

மலை வாழைக்கும் இந்த வழியில்தான் மறுவாழ்வு கிடைத்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், 1993-ல் திருச்சியில் ஏற்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலும் விஞ்ஞானிகள் இதில் ஈடுபட்டார்கள். நோயற்ற தாய் வாழைகளைத் தேர்ந்து, சோதித்து, சீசாவில் பெருக்கினார்கள். அந்தக் கன்றுகள் மலை விவசாயிகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

உறங்கும் வாழைகள்

பெல்ஜியம் நாட்டில் லூவன் நகரப் பல்கலைக்கழகத்தில், உலகத்து வாழை ரகங்களில் 1,500-க்கு மேல் பாதுகாக்கிறார்கள். சோதனைக் குழாய்களில் 16 டிகிரிக் குளிரில் அவை மெல்ல மெல்ல வளர்கின்றன. பல ரகங்களின் குருத்துக்கள், பூஜ்யத்துக்கும் கீழே 196 டிகிரிக் குளிரில், திரவ நைட்ரஜனில் உறங்குகின்றன. எங்கேனும் ஒரு ரகம் அழிந்தால், அதை எழுப்பித் திருப்பி அனுப்பலாம்!

ஆனால், சீசாவால் செய்யக்கூடியது ஓரளவுதான். சுத்தமான கன்றை அது தரும். தோட்டத்தில் நட்ட பிறகு அசுவினி வந்தால், அந்தக் கன்றுக்கும் நோய் வரும். பக்கத்துத் தோட்டக்காரர் நோய் மரத்தை வெட்ட மனமில்லாமல் விட்டுவைத்தால், நம் கன்றும் தப்பாது. நோய் கண்ட மரத்தை ஊரே சேர்ந்து அழித்தால்தான் புதுக் கன்று பிழைக்கும்.

அடுத்த முறை பஞ்சாமிர்தத்தை நாக்கில் வைக்கும்போது, அந்த மலைத் தோட்டக்காரரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். சீசா அவருக்கு நல்ல கன்றைக் கொடுத்தது. அதை அவர் காப்பாற்றுவதால்தான் பழம் நமக்குக் கிடைக்கிறது.