வேட்டைக்குக் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது?

டெக்சஸிலோ பவேரியாவிலோ ஊர்ப்பக்கத்துக் காட்டில் மான் சுட்டுப் பழகியவர்களுக்கு ஆப்பிரிக்க வேட்டை என்பது வாழ்நாள் ஆசை. பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் முடிந்த வயதில், நமீபியாவிலிருந்தோ ஜிம்பாப்வேயிலிருந்தோ ஒரு விலைப்பட்டியலை வரவழைத்து வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள். போகலாமா, வேண்டாமா? கையில் இருக்கும் பணம் போதுமா என்பதைத்தான் பெரும்பாலும் கணக்குப் போடுகிறார்கள்.

அந்தக் கணக்கே அவ்வளவு எளிதல்ல. பட்டியலில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று நாள் கட்டணம்: தங்குமிடம், சாப்பாடு, ஜீப், உரிமம் பெற்ற வேட்டை வழிகாட்டி, தடம் பார்ப்பவர் எல்லாம் இதில் அடக்கம். மற்றது, சுடும் ஒவ்வொரு விலங்குக்கும் தனி விலை. நமீபியாவில் ஓரிக்ஸ், கூடூ போன்ற மான் இனங்களுக்கு ஒரு வாரம், பத்து நாள் போய்வரச் சில ஆயிரம் டாலர் ஆகும். காட்டெருமை என்றால் பத்தாயிரத்தைத் தாண்டும். யானைக்கு அதைப் போலப் பல மடங்கு. விமானச் செலவும், வழிகாட்டிக்கும் பணியாளர்களுக்கும் தரும் அன்பளிப்பும், தலையையும் தோலையும் பாடம் செய்து கப்பலில் அனுப்பும் செலவும் இதில் சேராது. இன்னொரு விதியைப் பலர் கவனிப்பதில்லை. குண்டு பட்ட விலங்கு தப்பி ஓடி மறைந்தாலும், கொன்றதாகவே கணக்கு. முழு விலையும் கொடுக்க வேண்டும். அந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன். அவசரப்பட்டுச் சுடுவதை அது கொஞ்சமாவது தடுக்கிறது.

பொழுதுபோக்குக்காக ஓர் உயிரைக் கொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும், இந்தப் பணம் கடைசியில் யாரிடம் சேர்கிறது என்று பார்க்காமல் இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அதற்குக் காரணம் நமீபியா.

அந்த நாடு தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்தபோது, 1960-களின் இறுதியில், தங்கள் பண்ணையில் திரியும் விலங்குகள் மீதான உரிமை வெள்ளை நில உடைமையாளர்களுக்கு வழங்கப்பட்டது. பொது நிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு அந்த உரிமை இல்லை. அவர்களுக்கு யானை என்றால் பயிரை மிதிப்பது, சிங்கம் என்றால் மாட்டை அடிப்பது, அவ்வளவுதான். 1990-ல் நாடு விடுதலை பெற்றது. 1996-ல் சட்டத்தைத் திருத்தி அதே உரிமையை அந்த மக்களுக்கும் கொடுத்தார்கள். ஊர்கள் ஒன்றுசேர்ந்து எல்லை வகுத்து, உறுப்பினர் பட்டியல் போட்டுப் பதிவு செய்தால் அது 'கன்சர்வன்சி' எனப்படும் சமூகக் காப்பகம். 1998-ல் நான்கில் தொடங்கி இன்று எண்பதுக்கும் மேல் வளர்ந்திருக்கிறது.

எந்த விலங்கை எத்தனை சுடலாம் என்ற ஒதுக்கீட்டை அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் முடிவு செய்கிறது. அந்த ஒதுக்கீட்டைக் காப்பகம் ஒரு வேட்டை நிறுவனத்துக்கு ஒப்பந்தமாகக் கொடுக்கிறது. வரும் பணத்தில்தான் காவலர்களுக்குச் சம்பளம். யானையும் சிங்கமும் செய்த சேதத்துக்கு இழப்பீடு தருவதற்கும் அதுவே கைகொடுக்கிறது. இறைச்சி ஊருக்குப் போகிறது. வறண்ட அந்த மண்ணில் அது சிறிய விஷயமல்ல. நமீபியாவின் 77 காப்பகங்களின் 1998 முதல் 2013 வரையிலான வரவுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, பதிவான மூன்று ஆண்டுக்குள் வேட்டை வருமானம் தொடங்கிவிடுகிறது, சுற்றுலா வருமானத்துக்கு ஆறு ஆண்டுகள் வரை ஆகிறது என்று காட்டியது. சுற்றுலாப் பயணிக்கு நல்ல விடுதி வேண்டும், கண்ணுக்கினிய மலையோ ஆறோ வேண்டும். வேட்டைக்காரருக்கு முட்புதரும் புழுதியும் போதும். விடுதி கட்ட எவரும் முன்வராத நிலத்தில், வேட்டை நின்றால் அடுத்து வருவது பெரும்பாலும் மாடும் வேலியும்தான்.

2014 ஜனவரியில் டாலஸ் நகரில், நமீபியாவில் ஒரு கறுப்புக் காண்டாமிருகத்தைச் சுடும் அனுமதி 3,50,000 டாலருக்கு ஏலம் போனது. உலகமே கொதித்தது. இனப்பெருக்க வயது கடந்து, மற்ற காண்டாமிருகங்களைத் தாக்கும் கிழட்டு ஆண்களையே இதற்குத் தேர்ந்தெடுப்பதாக நமீபிய அரசு விளக்கியது. பாகிஸ்தானின் மலைகளில் வாழும் மார்க்கோர் காட்டாட்டுக்கும் இப்படி ஆண்டுக்குச் சில அனுமதிகள் உண்டு. 2019-ல் ஒன்று 1,10,000 டாலருக்குப் போனது. கட்டணத்தில் 80 விழுக்காடு உள்ளூர் மக்களுக்குச் சேர்கிறது. ஒரு காலத்தில் கள்ள வேட்டையாடிய கிராமங்களே இன்று அந்த ஆட்டைக் காவல் காக்கின்றன. 'அழியும் நிலையில்' என்று பட்டியலிடப்பட்டிருந்த அந்த இனம், 2015-ல் அதைவிட ஆபத்து குறைந்த வகைக்கு மாற்றப்பட்டது.

அதே 2015-ல் ஜிம்பாப்வேயின் ஹுவாங்கே தேசியப் பூங்காவை ஒட்டி என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் கழுத்துப் பட்டை மாட்டிக் கண்காணித்து வந்த சிசில் என்ற சிங்கத்தைப் பூங்காவுக்கு வெளியே அம்பால் காயப்படுத்தி, பல மணி நேரம் கழித்தே கொன்றார்கள். ஏறத்தாழ 50,000 டாலர் கைமாறியதாகச் செய்தி. அந்த நிலத்துக்குச் சிங்கம் சுடும் ஒதுக்கீடே இல்லை என்றார்கள் அதிகாரிகள். ஆண் சிங்கம் ஒன்று இறந்தால், அந்தக் கூட்டத்தைப் பிடிக்கும் புதிய ஆண் பழைய குட்டிகளைக் கொல்வது வழக்கம். ஒரு வேட்டையின் சேதம் ஒரு விலங்கோடு நிற்பதில்லை.

தென்னாப்பிரிக்காவில் இதைவிட மோசமான வழி ஒன்று உண்டு. கூண்டில் பிறந்து, குட்டியாக இருக்கையில் பயணிகள் மடியில் வைத்துக் கொஞ்சிய சிங்கத்தை, வளர்ந்தபின் வேலியிட்ட நிலத்தில் விட்டுச் சுடக் கொடுக்கிறார்கள். விலை மலிவு, வெற்றி நிச்சயம். இந்தத் தொழிலையே மூட வேண்டும் என்று அந்நாட்டு அரசின் நிபுணர் குழு 2021-ல் பரிந்துரைத்தது. இதற்குப் பணம் கொடுப்பதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

ஆகவே, முன்பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை சில. நிலம் யாருடையது? வேலி உண்டா? இந்த ஆண்டு ஒதுக்கீட்டுக் கடிதத்தைக் காட்ட முடியுமா? விலங்குக் கட்டணத்தில் ஊருக்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? இறைச்சி யாருக்கு? மழுப்பலாகப் பதில் வந்தால் அங்கேயே விலகிவிட வேண்டும். சொந்த நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். சிங்கத் தலை உள்ளே வர 2015-ல் ஆஸ்திரேலியாவும் பிரான்சும் தடை போட்டன. அமெரிக்க விமான நிறுவனங்கள் சில, சிங்கம், யானை போன்றவற்றின் தலைகளை ஏற்றுவதையே அந்த ஆண்டு நிறுத்தின.

கொம்பையும் தோலையும் விட, தடம் பிடித்து நடக்கும் அனுபவமே தன் ஆசை என்று ஒருவருக்குத் தெளிவானால் துப்பாக்கி தேவையில்லை. நமீபியாவின் பால்ம்வாக் பகுதியில், காண்டாமிருகங்களைக் காக்கும் உள்ளூர்த் தடம் பார்ப்பவர்கள் பயணிகளை அழைத்துக்கொண்டு கறுப்புக் காண்டாமிருகத்தின் காலடியைத் தொடர்கிறார்கள். காற்றின் திசை பார்த்து, பேச்சை நிறுத்தி, தொலைவிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதற்குக் கொடுக்கும் பணமும் அந்த விலங்கின் காவலுக்கே உதவுகிறது.