ஆற்றடிப் புழுவும் கடல் இறாலும்

கனகசெட்டிக்குளத்தில் ஆறு கிடையாது. புதுச்சேரியின் வடகோடியில் இருக்கும் கடலோர ஊர் அது. ஆனாலும் நகரின் தெற்கே ஓடும் அரியாங்குப்பம் ஆற்றின் அடிச்சேறு எப்படி இருக்கிறது என்பது இத்தகைய மீனவ ஊர்களுக்கும் முக்கியம். காரணம் இறால். வெள்ளை இறால் கடலில் முட்டையிட்டாலும், அதன் குஞ்சுகள் முகத்துவாரங்களுக்குள் நுழைந்துதான் வளர்கின்றன. சேற்றிலுள்ள சிறு புழுக்களும் மட்கிய இலைதழையும் அவற்றுக்கு இரை. வளர்ந்த பிறகே கடலுக்குத் திரும்புகின்றன.

செஞ்சி மலைப்பகுதியிலிருந்து வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சுண்ணாம்பாறு, மற்றது அரியாங்குப்பம் ஆறு. ரோமானியர்களோடு வணிகம் நடந்த அரிக்கமேடு இந்த அரியாங்குப்பம் ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. தேங்காய்த்திட்டின் அலையாத்திகளும் இங்கேதான். நகரின் கழிவுநீரும் இதில் வந்து சேர்கிறது.

கழிவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது ஆக்சிஜன் செலவாகிறது. அது தீர்ந்ததும் வேறுவகைப் பாக்டீரியாக்கள் பெருகி ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் சேறு கறுத்துப்போகும். நல்ல முகத்துவாரச் சேற்றை வெட்டிப் பார்த்தால் மேலே பழுப்பு, கீழே கறுப்பு. வளை தோண்டும் புழுக்கள் உடலை அசைத்து நீரை உள்ளே இழுப்பதால், கறுப்புக்குள்ளும் வளைகளைச் சுற்றிப் பழுப்பு வளையங்கள் தெரியும். மாசு கூடக்கூடப் பழுப்பு மெலிந்து, கறுப்பு மேலேறி வரும்.

ஆழமாகத் தோண்டும் பெரிய புழுக்களும் பல ஆண்டுகள் வாழும் மட்டிகளும் முதலில் மறையும். காப்பிட்டெல்லா என்ற மெல்லிய செந்நிறப் புழு மட்டும் பெருகும். அதன் உடலில் ஹீமோகுளோபின் உண்டு. குறைந்த ஆக்சிஜனிலும் தாக்குப்பிடிக்கும், சில வாரங்களிலேயே இனப்பெருக்கம் செய்யும். தலைகளை மட்டும் எண்ணினால் சேறு செழிப்பாகத் தோன்றும். எத்தனை இனங்கள் என்று பார்த்தால்தான் இழப்பு தெரியும்.

நீர்ப் பரிசோதனை மாதிரி எடுத்த நேரத்து நிலையைத்தான் சொல்லும். இரவில் திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் கடலுக்குப் போய்விடலாம்; மட்டியால் அப்படி இடம்பெயர முடியாது. நன்னீர் ஆறுகளை அடிவாழ் உயிர்களை வைத்து மதிப்பிடும் முறையை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே வகுத்திருக்கிறது. முகத்துவாரங்களுக்கும் அத்தகைய கணக்கு வழக்கமாக வேண்டும். கருவி பெரிதல்ல: அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடை, நுண்ணோக்கி, இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வடிந்ததும் ஒருமுறையும், ஆற்றில் நீர் வற்றிக் கழிவு மேலோங்கும் கோடையில் ஒருமுறையும் எண்ணி, முடிவைத் துறைமுகத்து மீனவர்கள் பார்க்கும்படி தமிழில் எழுதி வைக்க வேண்டும்.