புற்றுநோய் கத்தி பட்டதால் பரவுவதில்லை

“கத்தி பட்டா பரவிரும், தொடாம விட்ருங்க.” சங்கரன்கோவில் பக்கம் வாயில் புண்ணோ மார்பில் கட்டியோ வந்தவர்கள் கேட்கும் பேச்சு இது. இதை நம்பிச் சதைப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது உயிருக்கே ஆபத்து.

பரவுவதற்கான காரணம் நோயுற்ற உயிரணுவுக்குள்ளேயே இருக்கிறது. வாய், இரைப்பை, மார்பு ஆகியவற்றின் அணுக்களைக் கைகோத்து நிறுத்தி வைப்பது ஈ-கேட்ஹெரின் என்ற புரதம். இந்தப் புரதக் குடும்பத்தை 1980களில் அடையாளம் கண்டவர்களில் முதன்மையானவர் ஜப்பானின் மசாதோஷி டாக்கெய்ச்சி. புற்று முற்றும்போது பல அணுக்கள் இப்புரதத்தை இழக்கின்றன. பிடி விட்ட அணுக்கள் அடுத்த திசுவுக்குள் புகுந்து, நிணநீரிலும் ரத்தத்திலும் கலந்து, கழுத்து, நுரையீரல், எலும்பு என்று போய்ச் சேர்கின்றன. பரிசோதனைக்குச் சதை எடுப்பதால் பரவுவது மிக அரிது. தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் பரவலுக்குத்தான் இடம் கொடுக்கிறது.

எதைக் கவனிக்க வேண்டும்?

புகையிலை போடுபவர்கள், பீடி குடிப்பவர்கள் வாயில் இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால் உடனே காட்ட வேண்டும். லோபுலர் வகை மார்பகப் புற்றில் பெரும்பாலும் ஈ-கேட்ஹெரின் இருப்பதில்லை. அணுக்கள் ஒன்றாகத் திரளாததால் கட்டி கைக்குத் தட்டுப்படாமலே போகலாம், மேமோகிராமிலும் தப்பிவிடலாம். மார்பு தடிப்பதும் காம்பு புதிதாக உள்வாங்குவதும் எச்சரிக்கைகள். இப்புரதத்துக்கான சிடிஎச்1 மரபணுவில் பிறவியிலேயே பழுது இருந்தால் இரைப்பைப் புற்று குடும்பத்தில் தொடர்ந்து வரலாம். 1998இல் நியூசிலாந்தின் மாவோரி குடும்பங்களில் இது உறுதியானது. உங்கள் குடும்பத்திலும் பலருக்கு இரைப்பைப் புற்றோ மார்பகப் புற்றோ வந்திருந்தால் மருத்துவரிடம் அதை மறைக்காதீர்கள்.

உங்கள் உரிமைகள்

என்ன நோய், எந்த நிலை, என்ன சிகிச்சை, எவ்வளவு செலவு என்பதைப் புரியும் மொழியில் கேட்கலாம். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். சதைப் பரிசோதனை அறிக்கையோடு, எடுத்த சதையை வைத்திருக்கும் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி, இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். புற்றைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அத்தகைய விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

எங்கே போவது?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது சங்கரன்கோவில் அரசு மருத்துவமனை. மேல்சிகிச்சைக்குத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கதிர்வீச்சு சிகிச்சையும் அங்கே உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்ப அட்டையையும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றையும் இன்றே எடுத்து வையுங்கள். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, திட்டத்துக்கு உட்பட்ட சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு திட்டத்தின் உதவி எண்ணான 1800 425 3993இல் புகார் செய்யுங்கள். வழிகாட்டுதலுக்கு 104. கட்டணம் வாங்கிக்கொண்டு சேவையில் குறை வைத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

அணுக்கள் பிடி விடும் முன்பே கண்டுபிடித்த புற்றைக் குணமாக்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் வீட்டில் ஆறாத புண்ணோடு யாராவது இருந்தால் இந்த வாரமே அழைத்துப் போங்கள்.