விதை முளைக்கவில்லையா? கழுவிப் பாருங்கள்

பழுத்த பப்பாளியின் விதையைக் கூழோடு அப்படியே ஊன்றிவிட்டு, முளைக்காவிட்டால் மண்ணைக் குறை சொல்கிறோம். கடையில் காசு கொடுத்து வேறு விதை வாங்குகிறோம். பல நேரம் குறை மண்ணில் இல்லை.

பழத்துக்குள் ஈரம் இருந்தும் விதை அங்கே முளைப்பதில்லையே, ஏன்? முளைப்பைத் தடுக்கும் பொருள்களைச் செடியே அங்கு வைத்திருக்கிறது. பப்பாளி விதைமேல் உள்ள வழவழப்பான சவ்விலும், தக்காளி விதையைச் சூழ்ந்த கூழிலும், பீட்ரூட் விதையின் சொரசொரப்பான மேலோட்டிலும் அவை உண்டு. தக்காளியில் உள்ளது அப்சிசிக் அமிலம். இவற்றை நீக்கிவிட்டால் விதை எளிதில் முளைக்கும்.

பப்பாளி விதையைச் சாம்பலில் பிசறித் தேய்த்து, சவ்வு போகும்வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள். நாட்டுத் தக்காளி விதையைக் கூழோடு சிறிது தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டு அலசுங்கள். நல்ல விதை அடியில் தங்கும். பீட்ரூட் விதையைச் சில மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு விதையுங்கள்.

பப்பாளியில் ஆண் மரமும் வரும்; ஆகவே குழிக்கு மூன்று நான்கு விதை போடுங்கள். குப்பைக்குப் போகும் விதையிலிருந்தே பிள்ளைகளுக்குப் பழம் கிடைக்கும்.