சில்லைத் தாங்கும் மூட்டு

யாழ்ப்பாண நகரின் பேருந்து நிலையத்தை அண்டி வாடகைக்கு நின்ற ஒஸ்ரின், மொறிஸ் கார்களை அறியாத முதியோர் குடாநாட்டில் இலர் எனலாம். 1948ஆம் ஆண்டிலே இலண்டனில் முதன்முதற் காட்சிக்கு வைக்கப்பெற்ற மொறிஸ் மைனரும், 1952இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ-40 சோமசெற்றும், பிறந்த நாட்டின் தெருக்களை விட்டு நீங்கிப் பல்லாண்டு கழிந்த பின்னும் இங்கு மணமக்களை ஏற்றின. நோயாளரை வைத்தியசாலை சேர்த்தன. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977க்குப் பின் அது தளர்ந்தது. ஆயின் 1990இல் போரினால் ஏ-9 வீதி மூடப்படவே, எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டது. சிறிது பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. புகையைப் பொறுத்துக்கொள்ள இயலுமாயின் பயணம் நிச்சயம்.

இயந்திரத்தைப் பற்றி எல்லோரும் பேசுவர். முன்சில்லைத் தாங்கி நிற்கும் மூட்டைப் பற்றிப் பேசுவோர் சிலரே. காரின் முன்சில்லு இருவகை அசைவு உடையது. வீதியின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் செல்லவேண்டும். ஓட்டுநரின் கைக்கு இணங்கி இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பொறுக்கும் இடம் அந்த மூட்டே. மொறிஸ் மைனரில் இது ஒரு திருகாணி. இரு முனைகளிலும் புரி வெட்டிய ஓர் உருக்குத் தண்டு, மேலும் கீழும் உள்ள புரிக்கூடுகளிற் சுழல்கிறது. ஏறத்தாழ ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்றினால் நெடுங்காலம் உழைக்கும். ஏற்றாது விட்டாற் புரிகள் தேய்ந்து, ஒருநாள் கீழ்க்கூட்டிலிருந்து தண்டு கழன்று, சில்லு காரின் அடியில் மடிந்து விழும். அது பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போது நிகழ்வது நல்லூழ் என்றே கொள்ளவேண்டும். எனினும் இம்மூட்டின் நலம் கண்முன் தெரிவது. கிறீஸ் ஏற்றலாம், ஆட்டிப் பார்க்கலாம், லேத்துப் பட்டறையிற் புதிதாகக் கடைந்தும் பெறலாம்.

2002இல் வீதி திறந்தபோதும், 2009க்குப் பின்னரும் குடாநாட்டுக்கு வந்த ஜப்பானியக் கார்களின் மூட்டோ வேறு வகையினது. மனிதனின் இடுப்பெலும்பிலுள்ள கிண்ணத்தினுள் தொடையெலும்பின் உருண்டைத் தலை சுழல்வதை மாணாக்கர் அறிவர். அவ்வாறே கடினமாக்கிய உருக்குப் பந்து ஒன்று, பிளாஸ்ரிக் உட்பூச்சுடைய கிண்ணத்திற் சுழல்கிறது. பந்தினின்று நீளும் தண்டு கூம்பாகச் சரிந்து மறுபாகத்தின் துளையிற் பொருந்துகிறது. வாயை ஓர் இறப்பர் உறை மூடுகிறது. உள்ளே நிரப்பிய கிறீஸ் ஆயுள் முழுமைக்கும் உரியது. கராஜ்களில் இதனைப் போல் ஜொயின்ற் என்பர். கிறீஸ் ஏற்றும் முலை இதிற் பெரும்பாலும் இல்லை. உறை கிழிந்தால் மணலும் நீரும் புகுந்து பந்தை அரைக்கும். பண்ணைத் தாம்போதியினூடே தீவகத்துக்கு நாளும் சென்றுவரும் காரில், உப்புக்காற்றினால் துருவும் உடன் சேரும். ஆதலின், கார் கழுவும்போது கையால் உறையைத் தடவிப் பார்ப்பது காசு செலவில்லாத காவல்.

இம்மூட்டைச் சில கார்களில் ஆணியால் இறுக்கியிருப்பர், மாற்றுவது எளிது. வேறு சிலவற்றில், 1990களின் ஹொண்டா சிவிக் போன்றவற்றில், அழுத்திச் செருகியிருப்பர். துளையின் விட்டத்தை விட மூட்டின் உடல், மில்லிமீற்றரை நூறு கூறாக்கினால் அக்கூறுகளில் எண்ணத்தக்க அளவு, பெரிதாகக் கடையப்பட்டிருக்கும். பெரும் விசையோடு உட்செலுத்தினால், அந்த நெருக்கமே அதனைப் பிடித்து நிறுத்துகிறது. வெளியே தெரியும் பூட்டு வளையம் துணையேயன்றித் தாங்கி அன்று.

மூட்டுப் பழுதா என்று அறியும் முறையிற் பலர் தவறுவர். விற்சுருள் கீழ்க்கையின் மீது ஊன்றியிருந்தால், ஜாக்கியைக் கீழ்க்கையின் அடியிற் சில்லுக்கு அண்மையில் வைத்து உயர்த்துதல் வேண்டும். இன்றேல் சுருளின் விசை மூட்டை இறுக்கி, உள்ளிருக்கும் தளர்வை மறைத்துவிடும். சுருள் சில்லுக்கு நேர்மேலே நின்று உடற்கூட்டைத் தாங்கினால், உடற்கூட்டை உயர்த்திச் சில்லைத் தொங்கவிடலாம். பின்பு சில்லின் உச்சியையும் அடியையும் பற்றி ஆட்டுக. ஆட்டம் இருந்தால் வேறொருவர் பிறேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றுவிட்டாற் குறை பெயாரிங்கில்; நில்லாவிடின் மூட்டிலே தேடவேண்டும்.

வீட்டில் மாற்றத் துணிபவர் முதலிற் பார்க்கவேண்டியது நிலத்தை. செம்மண் முற்றத்திலும் வடமராட்சி மணலிலும் ஜாக்கியின் கால் புதையும். தடித்த பலகை இடவேண்டும். பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, காரைத் தாங்கிகளின் மீது இறக்கிய பின்னரே கீழே கை செல்லலாம். கீழ்க்கையில் விற்சுருள் ஊன்றிய கார்களில், அக்கையின் அடியிலும் ஒரு ஜாக்கி நிற்றல் இன்றியமையாதது. மூட்டைக் கழற்றியதும் சுருளின் விசை முழுவதும் கையைக் கீழே எறியும். அங்கே ஒருவர் தலை இருந்தால் விளைவு சொல்ல வேண்டுவதில்லை.

கொட்டர் பின்னை நீக்கி, நட்டை முழுதும் கழற்றாது சில புரிகள் பிடித்திருக்க விடுக. தண்டு நுழைந்த துளையின் பக்கச் சுவரிற் சுத்தியலால் அடித்தாற் கூம்பு தன் பிடியை விடும். தண்டின் முனையில் அடிப்பதால் புரி நசுங்குவதன்றி வேறு பயன் இல்லை. அடுத்துப் பூட்டு வளையத்தை எடுக்கவேண்டும். துருவும் அழுக்கும் மூடியிருப்பதால் இதனைக் காணாது அழுத்தியே துளையைக் கெடுத்தோர் உளர். பெரிய ஜி-கிளாம்ப் போன்ற அழுத்துகருவியும், மூட்டு இறங்கி அமரத்தக்க கிண்ணமும் கொண்டு பழையதை நேராக வெளித்தள்ளலாம். முதல்நாளே துருநீக்கும் எண்ணெய் விடுவது நன்று. கருவி அசையாவிட்டால், அப்பாகத்தைக் கழற்றி நீரழுத்தப் பொறியுள்ள கராஜுக்குக் கொண்டுசெல்லலாம். அதில் வெட்கப்பட யாதுமில்லை.

புதியதைச் செருகும்போது விசை அதன் வெளிவிளிம்பில் மட்டுமே படவேண்டும். நடுவில் அழுத்தினாற் பந்தும் கிண்ணமும் கெடும். சிறிது சாய்ந்து நுழைந்தாலும் நிறுத்தி, வெளியே எடுத்து, மீண்டும் நேர்படுத்துக. தோள் சென்று படிந்ததும் வளையத்தைப் பள்ளத்திற் பூட்டுக.

இங்கேதான் நெருக்கடிக் காலத்தின் பழக்கம் இடர் விளைப்பது. புதிய மூட்டு விசையின்றிக் கையாலேயே உள்ளே போகுமாயின், துளை அகன்றுவிட்டது என்பதே பொருள். பழைய காரில் தேய்ந்த இடத்தை நிரப்பியும் கடைந்தும் காப்பாற்றிய கைகள், உடனே வெல்டிங்கை நாடும். அல்லது துளையின் விளிம்பைப் புள்ளி புள்ளியாகக் குத்தி இறுக்கும். வெல்டிங்கின் வெப்பம் உள்ளிருக்கும் பிளாஸ்ரிக்கை உருக்கும். பந்தின் கடினத்தையும் குறைக்கும். குத்திய புள்ளிகளோ சில நாட்களில் தேயும். அந்தச் சிக்கனம் கண்டி வீதியில், குழந்தைகள் நிறைந்த காரில், வேகமாகச் செல்லும்போது வெளிப்படக்கூடும். திருகுமூட்டு மெல்லத் தேய்ந்து பல நாள் முறையிடும். பிடிப்பிழந்த பந்துமூட்டுக்கு அப்பொறுமை கிடையாது. அகன்ற துளையுடைய பாகத்தை எறிந்துவிட்டு, அதனையே முழுமையாக வாங்குதல் வேண்டும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் உள்ள காரையே பேணும் நிலை பலருக்கு வந்தது உண்மையே. ஆயினும் இப்பாகத்தில் மிச்சம் பிடிப்பது தகாது.

தண்டின் நட்டை, காருக்குரிய கைந்நூல் விதித்த முறுக்கத்துக்கு அளவுச்சாவியால் இறுக்கவேண்டும். கொட்டர் பின்னின் துளை நேர்படாவிட்டால், மேலும் சிறிது இறுக்கி நேராக்குவதே முறை, தளர்த்தலாகாது. பின் புதியதாக இருக்கட்டும். சில்லை மாட்டி, காரை இறக்கி, முதலில் ஒழுங்கையில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, அதன்பின் முன்சில்லுகளின் நேர்மையை அளவுகருவியுள்ள இடத்திற் சரிபார்த்துக்கொள்ளவேண்டும். மறுபக்க மூட்டும் அதே வயதினதாகையால், அதனையும் அன்றே ஆட்டிப் பார்ப்பது தக்கது.